மதகிலிருந்து பம்புசெட் வரை

"காபி ஆறுது" என்று சொன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

என் கணவர் மருதையன் உள்ளறையில் உளுந்து மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கைப்பேசியில் தேர்தல் பேச்சைப் பதிவுசெய்துகொண்டிருந்தார். சுற்றிலும் மூட்டை இருந்தால் குரல் எதிரொலிக்காது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. என்னைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். அதற்குள் என் குரலும் பதிவாகிவிட்டது.

"திரும்பப் பேசணுமா?" என்றேன்.

"எதுக்கு? இத்தனை வருஷமா எழுதிக் குடுத்தவ. உன் குரலும் ஒருதடவை ஊருக்குப் போவட்டும்" என்று சிரித்தபடியே அனுப்பிவிட்டார். ஒரு வாய் குடித்தவர், "சீனி போட்டியா இல்லையா, தாமரை?" என்றார்.

சீனி எடுத்துக்கொண்டு வந்தபோது மூட்டையில் சாய்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. தேர்தலுக்குப் பதினான்கு நாள் இருந்தது. அது முடிந்ததும் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போவதாக இருந்தோம்.

முப்பது வருடம் தேர்தல் மைக் பிடித்தவர் அவர். முதலில் வாடகைக் காரில், பிறகு ஆட்டோவில். நான் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தேன். சாயங்காலம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவருக்கான வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். 'கடைமடைக்கும் தண்ணீர் வந்து சேரும்' என்ற வரியை நான்கு தேர்தலுக்கு எழுதியிருக்கிறேன். வேட்பாளர்தான் மாறுவார். எங்களுடையது வாய்க்காலின் கடைசியில் இருக்கிற ஊர். அந்த வரி வரும்போது வயலில் குனிந்திருப்பவர்கள் நிமிர்வார்கள். அவரும் அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்திவிட்டுத்தான் பேசுவார்.

அவருக்கு ஒரு பழக்கம். சாவு வீட்டுப் பந்தல் கண்ணில் பட்டால் மைக்கை அணைத்துவிடுவார். அந்த வீட்டைத் தாண்டி நல்ல தூரம் போன பிறகுதான் போடுவார். பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை அந்த வீட்டுக்கு இந்த மரியாதை. ஒருமுறை வண்டியிலேயே இருந்த வேட்பாளருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன்யா நிறுத்துன?"

"சாவு வீடுங்க."

"அவங்களுக்கும் ஓட்டு இருக்குல்ல?"

"இருக்குங்க. இன்னைக்குக் கேக்க வேணாம்."

அவரோடு போட்டி போட்டு எதிர்க்கட்சிக்கு மைக் பிடித்தவர் ஜாஃபர் சாதிக். கடைத்தெருவில் குழாய் ஒலிபெருக்கி கட்டிய இரண்டு வண்டியும் எதிரெதிரே வந்தால் ஒரே வேடிக்கைதான். "என்ன பாய், உங்க குழாய்க்குச் சளி பிடிச்சிருக்கா?" என்பார் இவர். "உங்க குரலக் கேட்டு நடுங்குது மருதையா!" என்று பதில் வரும். ஆனால் சாவு வீட்டில் மைக்கை அணைப்பதில் அவரும் இவரும் ஒன்று.

இந்தத் தேர்தலில் வேட்பாளரின் கைப்பேசி வேலைகளைப் பார்க்கக் கனிமொழி என்ற பெண் வந்தாள். பக்கத்து ஊர்ப் பெண், இன்ஜினியரிங் படித்தவள். ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தாள். "ஒவ்வொரு ஊர் பேரையும் சொல்லித் தனித்தனியாப் பேசுங்க மாமா. ஒரு நிமிஷம் தாண்டுனா தள்ளிவிட்டுடுவாங்க" என்றாள். அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஒரு குறை மட்டும் சொல்வார். "ரோடு தெரியல தாமரை. எந்த வீட்டுல பந்தல் கெடக்குன்னே தெரியாமப் பேசிக்கிட்டிருக்கேன்."

அவரைக் கிடத்தியிருந்தபோதே பந்தலில் யாருடைய கைப்பேசியிலோ அவர் குரல் பேசியது. கடைசியில் "காபி ஆறுது" என்று நானும் பேசினேன். அதைப் பொறுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அதே பேச்சு. என் குரலை வெட்டியிருந்தார்கள். பின்னால் சோகமாக ஒரு புல்லாங்குழல். அவர் படத்துக்கு மாலை போட்டு, 'மருதையன் அண்ணனின் கடைசி வேண்டுகோள்' என்று எழுதியிருந்தது.

கனிமொழியை வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"அத்தை, தப்பா நெனைக்காதீங்க. இதுவரைக்கும் போட்டதுலயே இதுதான் அதிகமாப் போயிருக்கு. சனங்க அழுவுறாங்க."

"அவர் கடைசியாக் கேட்டது சீனிம்மா."

அவள் கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கடைமடை வரியை எழுதுனது நான். எழுதுறப்ப அது ஓட்டுக் கேக்குற வரி. அவர் சாவுல அதைக் கட்டிவிடாத. எடுத்துடு."

"எங்க குழுவுல எடுத்துடலாம் அத்தை. மத்தவங்க அனுப்பிக்கிட்டே இருக்காங்களே. அதை நிறுத்த முடியாது."

"அவர் மைக்குல ஒரு சுவிட்சு இருந்துச்சு" என்றேன்.

கைப்பேசியை எடுத்துக்கொண்டாள். "பிரசார ஆட்டோவுலயாவது பழசையே போடச் சொல்றேன். அவரு அனுப்புனபடியே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

பிரசாரத்தின் கடைசி நாள், எங்களுக்குப் பன்னிரண்டாம் நாள். காலை பத்து மணி இருக்கும். எங்கள் தெரு தொடங்குகிற மதகுப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது. குழாயில் அவர் குரலைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. வாசலுக்கு ஓடினேன். புல்லாங்குழல் இல்லை. "கடைமடைக்கும்..." என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்தினார். அந்த இடத்தில் குரல் அணைந்தது.

ஆட்டோ மெதுவாக எங்கள் பந்தலைத் தாண்டியது. ஓட்டியவர் ஜாஃபர் சாதிக். இப்போதெல்லாம் பேச ஆள் தேவையில்லை, பென்டிரைவ் போதும் என்பதால் கூப்பிடுகிற கட்சிக்கு வண்டி ஓட்டுகிறார். ஒரு கை ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகில் இருந்தது. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்னும் கொஞ்சம் கேட்க விடுங்கள் பாய் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

தெரு முடிகிற பம்புசெட்டைத் தாண்டியதும் திருகைத் திருப்பினார் போலிருக்கிறது. அதற்குள் அவர் பேச்சு சத்தமில்லாமல் ஓடி முடிந்திருந்தது. அறுத்து முடிந்த உளுந்து வயல்களுக்கு மேலே என் குரல்தான் கேட்டது. "காபி ஆறுது."

தேர்தல் முடிந்தது, முடிவும் வந்தது. அந்தப் புல்லாங்குழல் இன்னும் யாராவது ஒருவர் கைப்பேசியில் ஊதிக்கொண்டுதான் இருக்கும். பிரசாரத்தின் அந்தக் கடைசி நாளில் எங்கள் தெருவில் மூன்று கட்சி வண்டிகள் வந்து போயின. மதகிலிருந்து பம்புசெட் வரை மூன்றிலும் மைக் அணைந்துதான் இருந்தது.