பெல்டன் துரைக்குத் திதி

ஹொரேஸ் பெல்டன் என்ற ஆங்கிலேய ஓவியரைப் பற்றி அக்கறை கொண்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் திருச்சியில் இருந்தார். ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வந்த சவரிநாதன்தான் அவர்.

விக்டோரியா மகாராணி காலத்தில் மேயர்களையும் நீதிபதிகளையும் அவர்கள் மனைவிமார்களையும் வரைந்து பிழைத்தவர் பெல்டன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவரின் மகன். லண்டனுக்குப் போய்ச் சுமாராகப் படித்தார், சுமாராக வரைந்தார், உயிரோடு இருக்கும்போதே மறக்கப்பட்டார். அவருக்குக் கை வரைய வராது. முகம் வரும், பட்டுத்துணி வரும், நாயின் மூக்கில் ஈரம்கூட வரும். மனிதக் கை மட்டும் வாழைப்பழச் சீப்பு மாதிரி வந்து நிற்கும். ஆகவே அவர் வரைந்த கனவான்கள் கையைக் கோட்டுக்குள் விட்டிருப்பார்கள். சீமாட்டிகள் மடியில் படுத்திருக்கும் பூனைக்கு அடியில் வைத்திருப்பார்கள்.

இதெல்லாம் சவரிநாதனுக்கு மங்கலான கறுப்பு வெள்ளை அச்சுப்படங்களிலிருந்து தெரியும். அசலை அவர் பார்த்ததே இல்லை. ஏன் பெல்டன் என்று கேட்டால், வேறு யாரும் அவரைத் தொடவில்லை என்பதைத் தவிர அவரிடம் பதில் கிடையாது. அப்படி யாரும் கேட்டதும் இல்லை. பல வருடங்களாக எழுதிவந்த அந்த வாழ்க்கை வரலாறு ஓர் இடத்தில் வந்து நின்றுபோயிருந்தது. நடுவயதில் பெல்டன் சென்னை மாகாணத்துக்கு வந்தார் என்று எங்கோ ஒரு வரி இருந்தது. வந்து எங்கே தங்கினார், யாரை வரைந்தார், ஒன்றும் தெரியாது. இந்த நாட்டில் அவர் கையெழுத்துள்ள ஒரு படம் அகப்பட்டால் புத்தகம் முடிந்துவிடும். அகப்படாவிட்டால் அது பாதி மனிதனின் வரலாறு.

தெப்பக்குளத்துப் பக்கம் பழைய புத்தகக் கடை வைத்திருந்த தாஜுதீன்தான் முதலில் செய்தி சொன்னார்.

"சார், உங்காளு வரைஞ்ச மாதிரி ஒருத்தரு கண்டோன்மெண்டுல மாலை போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. லால்குடி ரைஸ்மில்காரர் வாங்கின பங்களாவுல. போய்ப் பாருங்க. ஆனா செருப்பைக் கழட்டிட்டுப் போங்க."

சவரிநாதன் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போனார். பெரிய கூடம். சுவரில் திருகாணி போட்டு இறுக்கிய ஆளுயரப் படம். தாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்துக்குக் கதம்ப மாலை, எதிரில் குத்துவிளக்கு. அவருடைய இரண்டு கைகளும் மடியில் விரித்த செய்தித்தாளுக்கு அடியில் இருந்தன.

சவரிநாதன் குத்துவிளக்கைச் சுற்றிக்கொண்டு படத்தருகே போனார். கையெழுத்து இருக்கவேண்டிய கீழ் மூலையைப் பார்த்தார். அங்கே அடை தட்டியது போலச் சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் விளக்குப் புகை.

"மாலையைக் கம்பால மாட்டிடலாம், முகத்துல பொட்டு வைக்க எட்டலைங்க," என்றாள் வீட்டுக்கார அம்மாள் மயிலம்மாள். "அதான் காலடியில வைக்கிறது. வீடு வாங்கினப்ப இவரைக் கழட்டிப் போடத்தான் பார்த்தோம், ஆணி வரலை. சரி, இருக்கட்டும்னு ஒரு பொட்டு வச்சேன். அந்த வருஷமே மில்லு ரெண்டாச்சு, பொண்ணு பொறந்தா."

"அந்த மூலையை மட்டும் கொஞ்சம் துடைச்சுப் பார்க்கலாமா?"

"அது ஆகாதுங்க."

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனார். போய்ப் படத்தின் எதிரில் உட்காருவார். ஒன்றும் பேசமாட்டார். மில்காரர் வீரமலை செய்தித்தாள் படிப்பார். மயிலம்மாள் வெற்றிலை கிள்ளுவாள். அந்த வீட்டின் மௌனம் சவரிநாதனுக்குப் பிடித்திருந்தது. படத்தில் இருந்தவர் உட்பட நான்கு பேர் அதில் சௌகரியமாக இருந்தார்கள்.

ஒருநாள் மயிலம்மாள்தான் பேச்சை எடுத்தாள்.

"இவரு யாருன்னு சொல்லுங்க சார், அப்புறம் நீங்க துடைச்சுப் பாருங்க. செத்த நாள் தெரியாம வருஷா வருஷம் அமாவாசையில எங்க பெரியவங்களோட சேர்த்துப் படைக்கிறோம். அந்தக் கூட்டத்துல இவருக்குக் கெடைக்குதோ இல்லையோ."

சவரிநாதன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். படத்தில் இருப்பவர் யாரென்று அவருக்குத் தெரியாது. வரைந்தவர் யாரென்று மட்டும்தான், அதுவும் நிச்சயமில்லாமல், தெரியும். ஆனால் ஓவியர்கள் கண்ணாடியைப் பார்த்துத் தங்களையே வரைந்துகொள்வதும் உண்டு.

"இவர் பேரு ஹொரேஸ் பெல்டன்," என்றார்.

வீரமலை செய்தித்தாளைக் கீழே வைத்தார். "அப்பா பேரு?"

"ஜோசையா. பெயர்ப்பலகை எழுதுறவர்."

"கல்யாணம் ஆனவரா?"

"ஆனவர்தான். கடைசி வருஷங்கள்ல ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை."

"ஏன்?" என்றாள் மயிலம்மாள் முன்னால் நகர்ந்து. "யாரு மேல தப்பு?"

இத்தனை வருடத்தில் பெல்டனைப் பற்றி ஒரு கேள்வி. சவரிநாதன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு அவர் பேசிய பேச்சை வகுப்பில்கூட யாரும் கேட்டதில்லை. பெல்டனின் வாடகை அறைகள், பாதியில் கோபித்துக்கொண்டு எழுந்துபோன நீதிபதி, காலை வெட்டி எடுக்கவைத்த சர்க்கரை வியாதி, எல்லாவற்றையும் சொன்னார்.

மயிலம்மாள் முகம் மாறியது. "சர்க்கரையா? வருஷா வருஷம் மைசூர்பாகு வச்சிருக்கேனே சார்."

"செத்தவருக்கு அது ஒண்ணும் செய்யாது," என்றார் வீரமலை.

"நீங்க சும்மா இருங்க. கால் போன மனுஷன்."

இறந்த நாளை ஸ்ரீரங்கத்து வாத்தியாரிடம் கொண்டுபோனார்கள். அவர் பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டி, ஐப்பசித் தேய்பிறைப் பஞ்சமி என்று சொன்னார். அடுத்த ஐப்பசியில் அம்மா மண்டபத்தில் தர்ப்பணம், பிறகு வீட்டில் படையல், அது முடிந்ததும் மூலையைத் துடைக்கலாம் என்று முடிவாயிற்று.

சவரிநாதனின் மனைவி சகாயம்மாள் இதைக் கேட்டுக் கரண்டியை வைத்துவிட்டாள். "கல்லறைத் திருநாளுக்கு மாமா கல்லறையில ஒரு மெழுகுவத்தி ஏத்த வாங்கன்னா தலைவலிங்கறீங்க. முன்னபின்ன தெரியாத வெள்ளைக்காரனுக்கு ஆத்துல திதியா? அவன் பிராட்டஸ்டண்டு வேற."

"ஒரு கையெழுத்துக்காகத்தான்," என்றார் சவரிநாதன்.

ஐப்பசி மாதத்துக் காவிரி கரை தொட்டு ஓடியது. துலா ஸ்நானக் கூட்டத்தில் இடம் பிடித்து வீரமலை ஈர வேட்டியுடன் உட்கார்ந்தார். சவரிநாதன் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இரண்டு படி மேலே நின்றார்.

"நமக்கு ரத்த சம்பந்தம் இல்லாதவாளுக்கும் பண்ணலாம்," என்றார் வாத்தியார். "காருண்ய தர்ப்பணம்னு பேரு. கோத்ரம் என்ன?"

வீரமலை திரும்பிப் பார்த்தார்.

"லங்காஷயர்," என்றார் சவரிநாதன்.

"அது ஊரோன்னோ? தெரியாதவாளுக்குக் காசியப கோத்ரம். தகப்பனார் நாமா?"

"ஜோசையா."

"பிதாமகர்?"

"நத்தானியேல்."

"அவருக்கும் தகப்பனார்?"

இத்தனை வருட ஆராய்ச்சியில் சவரிநாதன் அதைத் தேடாமல் விட்டிருந்தார்.

"பாதகமில்லை," என்றார் வாத்தியார். "தெரியாத இடத்துல நாராயணன்னு சொல்லிப்போம்."

லங்காஷயரில் புறப்பட்ட பெல்டன் வம்சம் மூன்று தலைமுறை பின்னால் நாராயணனில் போய்ச் சேர்ந்தது. எள்ளும் தண்ணீரும் வீரமலையின் விரல் வழியே இறங்கி ஆற்றோடு போயின.

கண்டோன்மெண்ட் வீட்டில் கூட்டம் நிறைந்திருந்தது. லால்குடியிலிருந்து மில் ஆட்கள் குடும்பத்தோடு பஸ்ஸில் வந்திருந்தார்கள். தலைவாழை இலையில் வெறும் ரொட்டி, உப்புப் போட்ட முட்டை, பக்கத்தில் டம்ளரில் இனிப்பில்லாத டீ. மில்லில் நெல் அவிக்கும் மருதை சாஷ்டாங்கமாக விழுந்து எழுந்து, "பெல்டன் அய்யா, மகளுக்கு ஒரு வரன் அமையணும்," என்று கண்ணை மூடிச் சொன்னார். அவர் பின்னால் நின்றவர்களும் அந்தப் பெயரைச் சொன்னார்கள். ஒவ்வொருவர் வாயிலும் அது கொஞ்சம் உருமாறி, ஆனாலும் பெல்டனாகவே வந்தது.

"இப்பத் துடைச்சுக்குங்க சார்," என்றாள் மயிலம்மாள்.

சவரிநாதன் மண்டியிட்டுப் பஞ்சைத் தேங்காய் எண்ணெயில் நனைத்து மூலையில் ஒற்றினார். புகை முதலில் வந்தது, பிறகு குங்குமம், பிறகு சந்தனம் சில்லு சில்லாக உதிர்ந்தது. அடியில் பழுப்பு நிறத்தில் எழுத்துகள் தெரிந்தன. படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

ஆர். டி. ஹாக்ஸ்லி.

அப்படி ஒரு ஓவியரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. கை வரைய வராதவர் இங்கிலாந்தில் இன்னொருவரும் இருந்திருக்கிறார்.

புத்தகம் நின்ற இடத்திலேயே நின்றது. பெல்டன் திருச்சிக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அதற்குச் சாட்சி இல்லை. சவரிநாதன் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். எல்லோரும் அவர் முதுகைப் பார்த்தார்கள்.

"என்ன சார் எழுதியிருக்கு?" என்றாள் மயிலம்மாள்.

"சீக்கிரம் சொல்லுங்க," என்றார் வீரமலை. "காலையிலேருந்து பச்சைத்தண்ணி குடிக்கலை."

சொன்னால் என்ன ஆகும் என்று அவர் நினைத்துப் பார்த்தார். பெல்டன் இந்த வீட்டைவிட்டு வெளியே போகவேண்டும். அவர் இடத்தில் அப்பன் பெயர் தெரியாத, செத்த நாள் தெரியாத ஒருவர் வந்து உட்காருவார். மறுபடி அமாவாசைக் கூட்டத்தில் சேருவார். பெல்டனுக்குப் போக வேறு வீடு கிடையாது. இன்றைக்கு லண்டனில் ஒருவராவது அந்தப் பெயரைச் சொல்லியிருப்பாரா? இங்கே மருதை சொன்னார்.

"பேருதான் இருக்கு," என்றார்.

"அவரு பேருதானே?"

சவரிநாதன் திரும்பவில்லை. "கொஞ்சம் சந்தனம் குடுங்க," என்றார்.

கிண்ணம் வந்தது. மூன்று விரலால் வழித்து எழுத்தின் மேல் வைத்தார்.

"நல்லா அப்புங்க சார்," என்றாள் மயிலம்மாள். "பழகாத கை. கீழ வழியுது பாருங்க."

அவர் மேலிருந்து கீழாக அழுத்தித் தேய்த்தார். கடைசி எழுத்தின் வால் மட்டும் ஓரத்தில் வெளியே நின்றது. அதன்மேல் குங்குமம் வைத்தார்.