புள்ளியியலில் ஓர் இடம்

ரெபேக்காவின் பள்ளிச் சான்றிதழில் ‘தாய்மொழி’ என்ற கட்டத்தில் ‘ஹிந்தி’ என்று இருந்தது. மும்பை மாட்டுங்காவிலுள்ள கல்லூரி அலுவலகத்தின் ஜன்னலுக்குள் அமர்ந்திருந்த ஷ்யாமளா அதை இருமுறை படித்துவிட்டு, தாளை வெளியே தள்ளினாள். தமிழ்ச் சிறுபான்மையினருக்கென ஒதுக்கிய இடங்களில், பி.எஸ்ஸி. புள்ளியியலில் ஒன்றே எஞ்சியிருந்தது. சான்றிதழ் சரிபார்ப்பு அன்று ஒரு மணியுடன் முடிகிறது.

“பேசறது தமிழ், பேப்பர்ல ஹிந்தி. நான் எதை நம்பறது?”

மரியஅந்தோணி மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பள்ளியில் அப்படி எழுதிக் கொடுத்தவர் அவரே. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், தாராவித் தோல்பட்டறையில் உடன் வேலை பார்த்தவர்கள், மதராஸி என்று பதிந்தால் பிள்ளைக்குத் தொல்லை என்றார்கள். அவருடைய சந்தில் பாதி வீடுகளில் அப்படித்தான் எழுதினார்கள். அவர் மனைவி ஏஞ்சலம்மாளுக்குக் காய்கறி வாங்கும் அளவுக்கே தெரிந்த ஒரு மொழி, மகளுக்குத் தாளில் தாய்மொழியாயிற்று.

“விடுட்டி,” என்றார். “மாஹிம் காலேஜ்லதான் பி.காம். சீட்டு தந்துட்டானே. டிகிரி டிகிரிதான?”

ஷ்யாமளா விண்ணப்பத்தில் ரெபேக்கா குறித்திருந்த இலக்கைப் பார்த்துத் தலையசைத்தாள். “ஆக்சுவரி பரீட்சைக்கு எந்த டிகிரியும் போறும்மா. பி.காம். படிச்சிண்டே எழுதேன்.”

‘எந்தப் பட்டமும் போதும்’ என்பதை ரெபேக்கா இரண்டு மாதங்களாகக் கேட்டுவருகிறாள். அது பொய்யன்று, ஆகவே அதை மறுப்பது கடினமாயிருந்தது. காப்பீட்டு நிறுவனங்களுக்காக ஆயுளையும் இழப்பையும் கணக்கிடுபவர்களுக்கான அத்தேர்வின் முதல் தாள்களிலேயே நிகழ்தகவும் புள்ளியியலும் வந்துவிடுகின்றன. வணிகவியல் மாணவி கல்லூரியில் ஒன்றைப் படித்து, வீட்டில் மற்றொன்றைத் தானே கற்க வேண்டும். தனி வகுப்புக்குப் போக வசதியுள்ளவர்களுக்கு அது இயலும். முழுவதும் தேறப் பல ஆண்டுகள் ஆகும்; நடுவில் தோற்று நின்றால், கையிலிருக்கும் பட்டம் சோறு போட வேண்டும். மூன்று பட்டங்களின் பாடத்திட்டங்களை வரிவரியாக ஒப்பிட்ட பின்னரே அவள் முடிவு செய்திருந்தாள்.

ஆசை அதற்கும் முன்பே வந்துவிட்டது. அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, அப்பாவுக்கு ஆயுள் காப்பீடு எழுத வந்த முகவர் வயதையும் தொழிலையும் கேட்டுவிட்டு ஓர் எண்ணைச் சொன்னார். அதை யார் போட்டார்கள் என்று இவள் கேட்டாள். “மேல இருக்கிறவங்க,” என்றார் அவர். ஏஞ்சலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். ரெபேக்கா அந்த மேலிடத்தின் விலாசத்தைக் கேட்டாள்.

“டிகிரி டிகிரிதான்னா, எப்பா, நீங்க தைக்கித பெல்ட்டும் செருப்பும் ஒண்ணுதானா? ரெண்டும் தோல்தான?”

“வாயப் பாரு! சாவக் கணக்குப் போடுத படிப்புக்கு இம்புட்டு ஆட்டமா?”

“எவனோ ஒருத்தன் போட்டுக்கிட்டுதான இருக்கான். நம்ம சந்தைக் கண்ணால பாக்காதவனே போடணுமா?”

சீக்கிரம் ஆகட்டும் என்று பின்னால் வரிசை முணுமுணுத்தது. “அரே, ஜல்தி கரோ யார்!”

ரெபேக்கா ஜன்னலுக்குத் திரும்பினாள். “இல்லைன்னா இல்லைன்னு எழுதிக் குடுங்க மேடம். காரணம், கையெழுத்து, முத்திரை மூணும் வேணும். வாங்காம நகர மாட்டேன்.”

ஷ்யாமளா இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த நாற்காலியில் இருக்கிறாள். அழுதவர்களைப் பார்த்திருக்கிறாள், சிபாரிசுக் கடிதம் நீட்டியவர்களையும் பார்த்திருக்கிறாள். மறுப்பை எழுத்தில் கேட்டவர் இல்லை. எழுத்தில் கொடுப்பதென்றால் அது முதல்வரின் மேசைக்குப் போக வேண்டும். ஒரு வெள்ளைத்தாளை வெளியே நீட்டினாள்.

“அன்னிக்கு எழுதினது தப்புன்னு அப்பா கைப்பட எழுதித் தரட்டும். பிரின்சிபால் பார்க்கட்டும். என்னால வாக்குக் கொடுக்க முடியாது.”

மரியஅந்தோணி தாளைத் தொடவில்லை. “பொய் சொன்னேன்னு நானே எழுதிக் குடுக்கவா? போலீஸ் கீலீஸ்னு போயிட்டா?”

“நான் வந்து ஜாமீன்ல எடுக்கேன். எழுதுங்க.”

அவர் சுவரில் தாளை வைத்து எழுதினார். ஐந்து வரிகள், தமிழில். எழுத்துகள் ஒன்றையொன்று இடிக்காமல் நின்றன. ஆங்கிலவழியில் படித்த ரெபேக்காவுக்கு அவற்றில் தன் பெயர் மட்டுமே அடையாளம் தெரிந்தது. ஷ்யாமளா வாங்கிப் படித்தாள். தாளுடன் எழுந்து உள்ளே போனாள்.

மணி ஒன்று. பியூன் கௌசிக் ஜன்னலின் ஷட்டரை இறக்க வந்தான். “டைம் ஹோ கயா. ஹாத் ஹடாவோ,” என்று கையை எடுக்கச் சொன்னான்.

ரெபேக்கா இரு முழங்கைகளையும் ஜன்னல் விளிம்பில் ஊன்றினாள். ஷட்டர் கிறீச்சிட்டு இறங்கி, அவள் கைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அந்த இடைவெளியில் முதல்வர் அறைக் கதவின் அடிப்பாகமும், அதன்முன் காத்து நின்ற ஷ்யாமளாவின் செருப்புகளும் தெரிந்தன. மரியஅந்தோணி முன்னே வந்து, மகளின் முழங்கைக்குப் பக்கத்தில் தம் முழங்கையையும் வைத்தார்.