ஊசியின் கழுத்தில் தெரிந்த சிவப்பு

தங்கத்தை மிக நுண்ணிய துகள்களாக்கி நீரில் கலந்தால் அது மஞ்சளாக இருப்பதில்லை. திராட்சை மதுவைப் போலச் சிவந்திருக்கும். அதனால்தான் அந்த ஆய்வகத்தில் ஊசிக்குழாய்களைக் கறுப்பு நாடாவால் சுற்றிய பிறகே ஜூசேலியாவின் கையில் கொடுப்பார்கள். தசை கரையும் நோயுடன் பிறந்த எலிகளில் பாதிக்கு மருந்தாக அந்தத் தங்கம். மீதிக்கு வெறும் உப்புநீர். எதற்கு எது என்பது, ஊசி போட்டுப் பின்னர் எலிகளின் பிடிபலத்தையும் அளக்கும் அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் அளக்கும் கை ஒரு பக்கம் சாயும் என்பதே அந்த ஏற்பாட்டின் காரணம்.

ஆனால் நாடா குழாயைத்தான் மூடியது. ஊசியைச் செருகும் பிளாஸ்டிக் கழுத்து மூடப்படாமல் இருந்தது. முதல் வாரத்திலேயே அதில் ஒரு துளி சிவப்பை ஜூசேலியா பார்த்துவிட்டாள். அன்றே பேராசிரியர் ஒலாவோவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்த எலிகள் அத்தனையும் வீணாகும். புதிய எலிகள் பிறந்து வளரும் வரை ஆய்வு நிற்கும். தன் தம்பி எடேருக்கு அவ்வளவு காலம் இருக்கிறதா என்று அவள் எண்ணினாள். எண்ணியதை யாரிடமும் சொல்லவில்லை.

எடேருக்கு இருபத்து நான்கு வயது. எலிகளுக்கு இருந்த அதே நோய். சக்கர நாற்காலியின் விசையை நகர்த்துமளவுக்கு விரல்களில் தெம்பு மிச்சமிருந்தது; நாக்கில் அதைவிடப் பன்மடங்கு இருந்தது. அவளை அவன் பெயர் சொல்லியோ அக்கா என்றோ அழைத்ததே இல்லை. எலிக்காரி என்றுதான் அழைப்பான். சுரைக்குடுவையில் மாத்தே என்னும் சூடான இலைப்பானம் வீட்டில் கைமாறிச் சுற்றி வரும்போது அவன் முறையில் அவள்தான் உறிஞ்சுகுழலை அவன் உதட்டருகே பிடிப்பாள். "சூடு பாத்துக் குடு எலிக்காரி, நான் உன் கூண்டுல இருக்கிறவன் இல்ல" என்பான்.

பிடிபலத்தை அளக்கும் முறை எளிது. எலி கம்பிவலையைப் பற்றிக்கொள்ளும். அதன் வாலைப் பிடித்து மெல்லப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பிடி விடும் கணத்தில் கருவி விசையைக் காட்டும். எலி சரியாகப் பற்றவில்லை என்று தோன்றினால் அந்த அளவை விட்டுவிட்டு மறுபடி இழுக்கலாம். தோன்றுவது யாருக்கு என்றால், இழுப்பவருக்கு. தங்கம் பெற்ற எலி குறைவாகக் காட்டினால், அது சரியாகப் பற்றவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. உப்புநீர் எலி குறைவாகக் காட்டினால் அப்படித் தோன்றவில்லை. அவள் பொய்யாக ஓர் எண்ணைக்கூட எழுதியதில்லை. ஒவ்வொரு முறையும் தான் நேர்மையாகவே நடப்பதாக அவள் உண்மையிலேயே நம்பினாள். அந்த நம்பிக்கைதான் பின்னாளில் அவளை அதிகமாக அரித்தது.

முடிவு மிக நன்றாக வந்தது. நோயாளிகளின் குடும்பங்கள் கூடும் சங்கத்தில், தேவாலயக் கூடத்தில், பொலெந்தா என்னும் சோளக்களியும் கோழிக்குழம்பும் பரிமாறிய ஞாயிறன்று பேராசிரியர் அதை அறிவித்தார். மனிதர்களுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தசையில் அழற்சி தணிந்தது, பலம் கூடியது என்ற இரண்டு மட்டுமே எல்லோர் காதிலும் நின்றன. தாய்மார்கள் ஜூசேலியாவின் கைகளைப் பிடித்து முத்தமிட்டார்கள். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு பிற்பகலில் அம்மா அவளை ஆய்வகத்திலிருந்து வரவழைத்தார். எடேர் வெளிறிப்போய் நாற்காலியில் சாய்ந்திருந்தான். குமட்டுகிறது, தலை சுற்றுகிறது என்றான். நாற்காலி மெத்தையின் உறையைத் துவைக்கக் கழற்றியபோது அம்மா கண்டெடுத்த மாத்திரைகள் மேசைமேல் கிடந்தன. சிறுவயது முதல் அவன் விழுங்கிவரும் ஸ்டீராய்டு. கூட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவற்றை வாயில் அடக்கிவைத்து, அம்மா நகர்ந்ததும் துப்பியிருக்கிறான். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, உடனே ஒன்றைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள் என்று மருத்துவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். இரண்டுக்கும் அவன் மசியவில்லை.

"இது என் மூஞ்சிய பூசணிக்காயாக்குச்சு, எலும்ப சுண்ணாம்பாக்குச்சு" என்றான். "தங்கம் வரப்போகுது. சோதனைக்கு ஆள் எடுக்கறப்போ உடம்பு சுத்தமா இருக்கணும். அக்கா, நீயே சொல்லு அம்மாகிட்ட. உன் எலிங்க எப்படிப் பிடிச்சுதுன்னு சொல்லு."

அவன் அக்கா என்று அழைத்தது அவளுக்குத் தாங்க முடியவில்லை.

"அந்தக் கணக்க நம்பாதடா" என்றாள். "எது தங்க எலின்னு எனக்கு முதல்லயே தெரியும். ஊசியில தெரிஞ்சுது. நான் சொல்லல."

தங்க எலிகளுக்கு மட்டும் மறுவாய்ப்புக் கொடுத்ததையும் அவள் சொன்னாள்.

"பொய்யா எழுதுனியா?" என்று கேட்டான்.

"இல்ல."

"அப்போ?"

"அது ஜெயிக்கணும்னு நெனச்சேன். கை அதுக்கேத்த மாதிரி இழுத்துச்சு."

"எனக்காகன்னு மட்டும் சொல்லிடாத" என்றான் எடேர். குரலில் கேலி துளியும் இல்லை. "சாருக்குப் போன் போடு. இங்கயே. நான் கேக்கணும்."

அவள் அழைத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டு, சொன்னதையெல்லாம் மறுபடியும் சொன்னாள். மறுமுனையில் பேராசிரியர் முழுவதையும் கேட்டார். பிறகு, கோபத்தைக் காட்டிலும் களைப்பு மிகுந்த குரலில், எலிகளின் தசைத் துண்டுகளை வேறு ஊரில் வேறொருவர் எது தங்க எலியுடையது என்று அறியாமல் பார்த்தார், ஆகவே அழற்சி தணிந்தது என்பது நிற்கும் என்றார். பலம் கூடியது என்ற முடிவைத் திரும்பப் பெற வேண்டும். அந்தச் சோதனையைப் புதிதாக வேறொருவர் செய்வார். அவள் எலிகளின் அறைக்குள் நுழையக் கூடாது.

"சங்கத்துல நான் சொல்ல மாட்டேன், ஜூசேலியா" என்றார். "அந்த அம்மாங்க முன்னாடி நீதான் நின்னு சொல்லணும்."

"சொல்றேன் சார்."

தொலைபேசியை அணைத்தாள். எடேர் கண்களை மூடியிருந்தான். மயங்கிவிட்டானோ என்று அவள் பயந்து நெருங்கியபோது அவன் மாத்திரைக்காக வாயைத் திறந்தான்.

அம்மா புதிய மாத்திரை ஒன்றையும் தண்ணீரையும் எடுத்து, பக்கத்தில் நின்ற ஜூசேலியாவிடம் நீட்டினார். அவள் கை அவன் உதட்டருகே சென்றதும் அவன் வாயை மூடிக்கொண்டான்.

"நீ குடும்மா" என்றான்.

ஜூசேலியா மாத்திரையை அம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு விலகி நின்றாள். அவன் விழுங்கும் வரை பார்த்திருந்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி பிடிக்கத் தெருவுக்கு இறங்கினாள்.