தொண்ணூற்றொன்று பகா எண் இல்லை

1

இந்தக் கதை என் தவறிலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குப் புத்தகம் எழுதினேன். அதில், நூற்றுக்குள் வரும் பகா எண்களின் பட்டியலில் 91-ஐயும் சேர்த்துவிட்டேன். இரண்டால், மூன்றால், ஐந்தால் வகுத்துப் பார்த்தேன். ஏழுக்கு வந்தபோது சோம்பல். பார்க்க அசல் பகா எண் மாதிரியேதான் இருந்தது.*

* பகா எண்: ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண். இதுவும் என் புத்தகத்திலேயே இருக்கிறது.

2

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் என் தங்கை

(நிறுத்திவிட்டேன். மழையே இல்லை. பட்டப்பகலில் வந்தாள்.)

தங்கை பழக்கடை வைத்திருக்கிறாள். கடையைப் பாதியில் சாத்திவிட்டு, மகளின் பரீட்சைத் தாளோடு வந்து நின்றாள். 91 பகா எண்ணா என்ற கேள்விக்கு மகள் 'இல்லை, 7 × 13' என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதைச் சிவப்பு மையில் அடித்திருந்தார். ஆதாரம், என் புத்தகம். சொந்த மாமா எழுதினதே தெரியவில்லையா என்று வகுப்பே சிரித்ததாம். அன்றிலிருந்து பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லையாம்.

"ஆரஞ்சுப் பெட்டியில ஏழு வரிசை, வரிசைக்குப் பதிமூணு. தினமும் அவதான் பிரிக்கிறா. உன் புத்தகத்தை நம்பச் சொல்றியா, பெட்டியை நம்பச் சொல்றியாண்ணா?"

3

இந்த இடத்தில் தங்கை மகளை ஒரு மேதையாக்கிவிடக் கை துறுதுறுத்தது. (படித்துக் காட்டினேன். "ரொம்ப ஓவர் மாமா" என்றாள். அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

பள்ளிக்குக் கிளம்பும் முன் அவள் கடையில் பழம் அடுக்குவாள். அடியில் ஆறுக்கு ஆறு, அதன்மேல் ஐந்துக்கு ஐந்து, இப்படியே உச்சியில் ஒற்றைப் பழம் வரை. 36, 25, 16, 9, 4, 1. கூட்டினால் 91. ஒரு பெட்டியைப் பிரித்தால் சரியாக ஒரு கோபுரம், ஒரு பழம்கூட மிஞ்சாது. ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை கூட்டினாலும் அதே 91 என்பதையும் அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். புத்தகம் போட்ட எனக்கு இதில் ஒன்றுமே தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது.

4

முதல் முடிவு: பதிப்பகத்திலிருந்து பள்ளிக்கு ஒரு திருத்தக் கடிதம் போகிறது. (சுத்தக் கோழைத்தனம்.)

இரண்டாம் முடிவு: நான் வகுப்பில் நின்று உருக்கமாகப் பேசுகிறேன், எல்லோரும் கைதட்டுகிறார்கள். (யாருக்கு? தப்புப் போட்டவனுக்கா?)

இரண்டையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "நீங்க வந்து கடைசி பெஞ்சுல உக்காருங்க மாமா. போர்டுல நானே போட்டுக் காட்டுறேன்."

5

போய் உட்கார்ந்தேன். அவள் கரும்பலகையில் ஏழு வரிசை புள்ளி வைத்தாள், வரிசைக்குப் பதின்மூன்று. வகுப்பு வாய்விட்டு எண்ணியது. தொண்ணூற்றொன்றில் புள்ளிகள் தீர்ந்தன. இவள் என் தங்கை மகள் என்று கூவவேண்டும்போல் இருந்தது.

ஆசிரியை பலகையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எழுதினது நீங்க. நீங்களே சொல்லுங்க சார்."

எழுந்து நின்றேன். "அது வந்து, அச்சகத்தில

(இல்லை. இந்த வாக்கியம் வேண்டாம்.)

நான் சொல்லவேண்டியதை நீங்களே எழுதிவிடுங்கள், இடம் விட்டிருக்கிறேன். பழியை மட்டும் அச்சகத்தின் தலையில் கட்டாதீர்கள். சுருக்கமாக எழுதுங்கள். அவள் இன்னும் சாக்பீஸோடு நின்றுகொண்டிருக்கிறாள்.