அழுகைக்கு விலை போட்டவள்

பாத்திரக்கடைக்காரி செருப்பைக் கழற்றிய விதத்திலேயே சண்டை தெரிந்தது. ஒன்று குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் விழுந்தது, மற்றொன்று பூந்தொட்டிக்குள். அங்கிருந்து போன் வந்து கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவள் மகள் இன்னொரு குழந்தையைக் கடித்துவிட்டாளாம், இந்த வாரத்தில் மூன்றாவது முறை. இனியும் கடித்தால் வைத்துக்கொள்ள முடியாதாம். மூன்றரை வயது மகளுக்கு வீட்டில் மிளகு என்று பெயர். உருவம் அவ்வளவுதான், காரம் அதைவிட.

உள்ளே மிளகு தரையில் கிடந்து கத்திக்கொண்டிருந்தாள். ஒரு முழம் தள்ளி டீச்சர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கவில்லை, அதட்டவில்லை. கோபமாக இருக்கிறதா, நான் இங்கேயேதான் இருக்கிறேன் என்று அவ்வப்போது மெல்லச் சொன்னதோடு சரி.

பாத்திரக்கடைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு எரியும்போது எதிரே பாய் விரித்து உட்காருவார்களா? வேடிக்கை பார்க்க ஆள் வேண்டுமென்றால் தெருவில் எத்தனையோ பேர் சும்மா நிற்கிறார்கள் என்று வெடித்துவிட்டு, மகளிடம் குனிந்து தன் வழக்கப்படி ஆரம்பித்தாள்.

"அழுகைய நிறுத்து. பலூன் வாங்கித் தரேன்."

குழாயை மூடியதுபோல் கத்தல் நின்றது. ஒரு கண் மட்டும் திறந்தது. "ரெண்டு."

"ஒண்ணு."

மிளகு எழுந்து, கன்னத்தில் கண்ணீரோடு, வேறு கடை பார்க்கப் போகிறவள்போல் வாசலுக்கு நடந்தாள். நிலைப்படியில் நின்று, கூப்பிடுகிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். பதினைந்து வருடமாக இந்த நடையைக் கல்லாவிலிருந்து பார்த்தவள் பாத்திரக்கடைக்காரி. கை தானாக உயர்ந்து கூப்பிட்டது. இரண்டுக்கே படிந்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. "அக்கா, அவ அழுகைக்கு நீங்க விலை போட்டுட்டீங்க. இப்ப அது சரக்காயிடுச்சு. கோவம் வந்தா எவ்ளோ கேக்கறதுன்னு அவளுக்குத் தெரியுது. எப்படி ஆறறதுன்னு தெரியல. இங்க அதை வாங்க ஆள் இல்ல, அதான் கடிக்கிறா."

உபதேசத்தை உறையில் போட்டு வைத்துக்கொள், நாளையிலிருந்து இவள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு, மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

கடையில், வழியில் வாங்கிய இரண்டு பலூனில் ஒன்று வெடித்தது. இன்னொன்று கேட்டாள் மிளகு. வாடிக்கையாளர் முன்னால் வீம்பு பிடித்து, முடியாது என்றாள் தாய். மிளகு முழு உடம்போடு போய் மோத, எவர்சில்வர் குடங்களின் அடுக்கு மொத்தமாகச் சரிந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. தாய் கையை ஓங்கிவிட்டாள்.

மிளகு தலையைப் பொத்திக்கொண்டாள். "ஒரு பலூன் போதும்." ஓங்கிய கை இறங்கவில்லை. "ஒண்ணும் வேணாம்மா. நான் அழமாட்டேன்."

அடிமாட்டு விலைக்கு இறங்கி வருகிறவனைக் கண்டு மகிழக்கூடாது என்பது கடைத்தெருப் பாடம். ஒன்று அது திருட்டுச் சரக்கு, இல்லையென்றால் அவன் குடி முழுகுகிறது. இங்கே முழுகுவது யார் என்று பாத்திரக்கடைக்காரிக்குத் தெரிந்தது. கை இறங்கியது. கோபம் இறங்கவில்லை. மகள் மேல், தன் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக, சரியாகச் சொல்லித் தொலைத்த அந்த டீச்சர் மேல். நசுங்கிய குடங்களுக்கு நடுவே பொத்தென்று உட்கார்ந்தாள். கடைசி விலை கேட்ட வாடிக்கையாளரைத் திரும்பிப் பாராமலே நாளைக்கு வரச் சொன்னாள்.

"அம்மாக்கு பயங்கர கோவம். உனக்கும்தான். நான் எங்கயும் போகல."

மிளகு அழுதாள். இம்முறை எந்தக் கண்ணும் திறக்கவில்லை. விக்கலுக்கு நடுவே கேட்டாள்: "எவ்ளோ நேரம் அழலாம்?"

பழக்க தோஷத்தில் ஒரு கணக்குச் சொல்ல வாய் திறந்தவள், மூடிக்கொண்டாள். "அளவு இல்ல. அழு."

மறுநாள் காலை காப்பக வாசலில் இரண்டு செருப்பும் ஒழுங்காகக் கழன்றன. முகம் மட்டும் கடுகடுவென்றே இருந்தது.

"நீ சொன்னது சரின்னு சொல்ல வரல," என்றாள் டீச்சரிடம். "எப்படி உக்காரணும்னு காட்டு. ஒரு மணி நேரத்துல எனக்குக் கால் மரத்துப் போச்சு."