பலகையில யார் ஊரு முதல்ல

சோய்லாவுக்கு ஒரு வியாதி. யாரைப் பாத்தாலும் முதல் பேச்சே, "நாங்க வீட்டுக்காரங்க." ஈக்வடார் மலையில கன்யார்னு ஒரு ஊரு. அங்கேருந்து வந்து நியூயார்க்ல, குவீன்ஸ்ல, மூணு மாடி வீடு வாங்கிட்டாங்க. வாங்கினது நெசந்தான், இல்லேங்கல. அந்த வீட்டோட பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருக்கிறவ நான். பேரு தெல்பீனா, ஊரு மெக்சிகோ, புயெப்லா பக்கம்.

சரி, அவ்வளவு பெரிய வீட்டுல வீட்டுக்காரங்க எங்க படுக்குறாங்கன்னு கேளுங்க. மாடி மாடியா, ரூம் ரூமா வாடகைக்கு விட்டுட்டு புருஷனும் பொண்டாட்டியும் பாய்லரை ஒட்டின சாமான் ரூம்ல சுருண்டுக்கிறாங்க. எனக்கு அடுத்த ரூம். அவ புருஷன் செகுந்தோ விடுற குறட்டை என் தலகாணி வரைக்கும் வரும். ஊருக்கெல்லாம் கூரை போடுற மனுஷன், தன் தலைக்கு மேல வெந்நீர்க் குழாய் ஓடத் தூங்குறார். மகாராஜா!

கன்யார்ல இன்னொரு வீடு இருக்காம். போன்ல போட்டோ வச்சிருக்கா, பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்களுக்குக்கூடக் காட்டுவா. நாலு மாடி, நீலக் கண்ணாடி, வாசத் தூண்ல ரெண்டு சிமென்ட் கழுகு. உள்ள யாரு இருக்கான்னு ஒருநாள் கேட்டுட்டேன். காது கேக்காத சித்தப்பா ஒருத்தர் இருக்காராம், கூட அவரோட கோழிங்க. கோழி முட்டை போட நாலு மாடி! நான் சிரிச்ச சிரிப்புல அந்த மாசம் பூரா என்கூட அவ பேசல.

அதுக்காக எங்க ஆளுங்க ஒசத்தின்னு சொல்லிடுவேனா? ஐயே! புயெப்லாவுல எங்க வீட்டு மொட்டை மாடியில இரும்புக் கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது, மேல இன்னொரு மாடி வருமாம். மாடி வரல, கம்பியில பக்கத்து வீட்டுக்காரி துணி காயப் போடுறா. என் மச்சான் இருக்காரே, தன் பொண்ணோட பதினஞ்சாவது பொறந்த நாளுக்குக் குதிரை, நீட்டக் காரு, ஆளுயரக் கேக்குன்னு ஒரே அலப்பறை. கேக்குக்கு ஒரு ஞானத்தகப்பன், செருப்புக்கு ஒரு ஞானத்தகப்பன், பாட்டுக்காரங்களுக்கு ஒரு ஞானத்தகப்பன்னு ஊரெல்லாம் பிடிச்சு ஒவ்வொருத்தன் தலையிலயும் ஒரு செலவைக் கட்டினாரு. அடுத்த வாரம் அவங்க அடுப்புல வெறும் பீன்ஸ் கொதிக்குது. வெக்கங்கெட்ட ஜென்மங்க, நானும் அதுல ஒருத்திதான், செருப்புக்கு நாங்கதான் அழுதோம்.

இந்த லட்சணத்துல மாதா கோயில் ஹால்ல ஒரு கூட்டம். டை கட்டின பையன் ஒருத்தன் சுவத்துல படம் போட்டு, ரெண்டு தூண் வரைஞ்சு காட்டினான். ஒண்ணு மெக்சிகோ சனங்க, இன்னொண்ணு ஈக்வடார் சனங்க. எந்த ஊர்க்காரங்க நல்லா இருக்காங்கன்னு பாக்கிறாங்களாம். ஈக்வடார் தூணு எங்க தூணை விட ஒரு விரக்கடை உசரம். அவ்வளவுதான், சோய்லா என் விலாவுல இடிச்சா.

"பாத்தியா தெல்பீனா? படமே போட்டுட்டான்."

"பாத்தேங்க்கா. அந்தத் தூணுக்குள்ள உங்க பாய்லர் ரூம் எங்க இருக்குன்னுதான் தேடிக்கிட்டிருக்கேன்."

"வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்டி."

ரெண்டு பேரும் பேசுறது ஸ்பானிஷ்தான், ஆனா இப்படித்தான் எங்க பொழப்பு. எங்க மாதா ஊர்வலத்துல எத்தனை பேண்டு, அவங்க மாதா ஊர்வலத்துல எத்தனை பேண்டுங்கிற வரைக்கும் சண்டை போட்டாச்சு. ஆனா அன்னைக்கு எனக்கு உள்ளுக்குள்ள வேற கவலை. நான் ரயில் பாலத்துக்கு அடியில, படிக்கட்டு ஓரமா தமால் விக்கிறவ. மக்காச்சோள மாவுல கோழியும் மொளகாயும் வச்சு, சோளத் தோகையில சுத்தி அவிக்கிறது. ரயில் ஏறப் போற சனம் வரிசை கட்டி வாங்கும். அந்த வாரந்தான் சோதனைக்காரங்க வந்து, லைசென்ஸ் இல்லேன்னு சொல்லி, என் பானையைத் தமாலோட தூக்கிக் குப்பை லாரியில வீசினாங்க. ஆவி பறக்கப் பறக்க வீசினாங்க! முன்னாடியும் வீசியிருக்காங்க. என் புருஷன் பௌஸ்தினோவுக்கு முட்டி போச்சு, ஓட்டல்ல பாத்திரம் கழுவ அதிக நேரம் நிக்க முடியாது. என் பானைதான் சோறு. இன்னொரு குளிர்காலம் நான் தெருவுல நின்னா அதுவும் போயிரும்.

அப்பத்தான் பாலத்துக்கு அடியில அந்தச் சின்னக் கடை காலியாச்சு. கடைக்காரர் லாம்ப்ரோஸ்னு ஒரு கிரேக்கப் பெரியவர், என்கிட்ட தினம் தமால் வாங்கித் திங்கிறவர். "உனக்கே தர்றேன்மா. ஆனா பேப்பர் இருக்கிற ஆளு, சொந்த வீடு இருக்கிற ஆளு யாராவது கூட நின்னு கையெழுத்துப் போடணும்"னு சொன்னாரு.

இந்த நாட்டுல தங்க அனுமதிப் பேப்பர் இருக்கிற ஆளு, சொந்த வீடு இருக்கிற ஆளு. எனக்கு யாரைத் தெரியும்? அதே பீத்தல்காரி சோய்லாவைத்தான்.

சோய்லா வீட்டு அடுப்புல பன்னியை முழுசா வாட்டி, மோதேயோட விக்கிறவ. மோதேன்னா ஒண்ணுமில்ல, அவிச்ச வெள்ளைச் சோளம். நாங்க சோளத்தை அரைச்சுத் திங்கிறோம், அவங்க அரைக்கச் சோம்பல் பட்டு முழுசாத் திங்கிறாங்க. அவ பன்னிக்கறி ருசிதான், அதை மறைக்க மாட்டேன். ஆனா அவ ஊர்க்காரங்க பத்துப் பேரைத் தவிர வேற ஈ காக்கா வராது. அவகிட்ட பேப்பர் இருக்கு, கூட்டம் இல்ல. என்கிட்ட கூட்டம் இருக்கு, பேப்பர் இல்ல. ரெண்டும் சேந்தாத்தான் கடை.

நான் போய்க் கேட்டதும் அவ மூஞ்சியில வந்துச்சு பாருங்க ஒரு களை! "பலகையில ஈக்வடார்னுதான் முதல்ல இருக்கணும்"னா.

"எதுக்குக்கா? வரிசையில நிக்கிறது என் தமாலுக்கு."

"கையெழுத்துப் போடுறது யாரு? ஈக்வடார் - மெக்சிகோ சமையல். கேக்கவே எப்படி இருக்கு!"

"மெக்சிகோ - ஈக்வடார் சமையல். இதுதான் சனங்க வாயில நுழையும். உங்க ஊரு எங்க இருக்குன்னே பாதிப் பேருக்குத் தெரியாது."

"உங்க ஊரு எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்டி, எல்லை வேலியை எகிறிக் குதிச்சு ஓடி வர்ற தூரந்தானே!"

ஒரு வாரம் முழுக்க இதே ரகளை. கடைசியில செகுந்தோ சாமான் ரூம்லேருந்து, "கடையை முதல்ல வாங்குங்கடி, பலகையை அப்புறம் நான் அடிக்கிறேன்"னு கத்தினதுக்கப்புறம்தான் ஓய்ஞ்சோம். சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வர்றேன்னு லாம்ப்ரோஸ் சொல்லியிருந்தாரு. அதுக்கப்புறம் பேரக் குழந்தைக்கு ஞானஸ்நானம், கோயிலுக்குப் போகணுமாம்.

சனிக்கிழமை காலையில நான் படிக்கட்டு ஓரமா புதுப் பானையோட நிக்கிறேன். நல்ல கூட்டம். சோய்லா வீட்டுலேருந்து போன் பண்ணினா.

"என்னடி, பெரியவர் எப்ப வர்றாரு?"

"அவோரிதா, அக்கா"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.

எங்க ஊர்ல எல்லாரும் சொல்றதுதான். குழந்தை பால் கேட்டா அவோரிதா, வீட்டுக்காரி வாடகை கேட்டா அவோரிதா. இதோ, ஆகட்டும், பாக்கலாம், எல்லாத்துக்கும் அந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லிட்டு நான் சில்லறை எண்ணப் போயிட்டேன்.

ரொம்ப நேரங்கழிச்சு லாம்ப்ரோஸ் வந்தாரு. கூடவே அவர் தங்கச்சி மகன் தாசோ, கோட்டும் சூட்டுமா. கடையைத் திறந்து போட்டுட்டு, "எங்கம்மா உன் ஆளு?"ன்னு கேட்டாரு. நான் போனைப் போட்டேன்.

"அக்கா, வந்துட்டாரு, கடையில நிக்கிறாரு. வாங்க."

அந்தப் பக்கம் எதையோ சுரண்டுற சத்தம். அப்புறம், "யா மிஸ்மோ"ன்னா. வச்சுட்டா.

யா மிஸ்மோ! எங்க ஊர்ல யா மிஸ்மோன்னா இந்த நொடி, செருப்பை மாட்டியாச்சு, வாசப்படி தாண்டியாச்சுன்னு அர்த்தம். நான் பெரியவர்கிட்ட சிரிச்சுக்கிட்டே, "கிளம்பிட்டா, வந்துக்கிட்டே இருக்கா"ன்னு சொன்னேன். அவர் காபி வாங்கிக் குடிச்சாரு. தாசோ என் பானை கிட்ட நின்னு ஒரு தமால் தின்னான், இன்னொண்ணு தின்னான். வாயைத் துடைச்சுக்கிட்டே என் வரிசையைப் பாத்தான், திரும்பிக் கடையோட அகலத்தைப் பாத்தான். நான் அப்பவே பயந்திருக்கணும். ஆனா என் கண்ணு தெரு முனையிலதான் இருந்துச்சு.

மறுபடியும் போன் போட்டேன். "யா மிஸ்மோன்னு சொன்னேன்ல!"ன்னு எரிஞ்சு விழுந்தா. வரமாட்டேன்னு சொல்லியிருந்தா நானே ஓடிப்போய் அவ கொண்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன். சொல்லலையே! மூணாவது தடவை போனையே எடுக்கல. கோயில் மணி அடிச்சுது. லாம்ப்ரோஸ் என் தோளைத் தட்டி, "மன்னிச்சுக்கம்மா, ஆசை இருக்கிறவங்க நேரத்துக்கு வருவாங்க"ன்னுட்டு சாவியைத் தாசோ கையில குடுத்துட்டுப் போயிட்டாரு. அத்தனை சனத்துக்கு முன்னாடி நான் பானை மூடியைப் போட்டு ஒடச்சேன்.

வீட்டுக்கு வந்தா சோய்லா வாசல்ல நிக்கிறா. தலைய நல்லா சீவி, கம்மல் போட்டு, வீட்டுப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் பையில வச்சுக்கிட்டு, கிளம்பத் தயாரா!

"எங்கடி வந்தே? நான்தான் யா மிஸ்மோ வர்றேன்னு சொன்னேனே?"

"கடை போச்சு! போச்சு! எங்க செத்துத் தொலைஞ்சீங்க?"

"நீ பேசாத! காலையில அவோரிதான்னு சொல்லலை நீ? ஈரத் தலையோட, அடுப்புல பன்னியை விட்டுட்டு ஓடி வந்தேன். கடை பூட்டிக் கிடக்கு, பெரியவரைக் காணோம், ரயிலுக்குப் போற கூட்டத்துல உன் தலையும் தெரியல. பல்லு கிட்டிப் போற குளிர்ல நின்னுட்டுத் திரும்பி வந்தா பன்னி கரிக்கட்டை! நீ ரெண்டாந்தரமும் வந்துட்டாருன்னு சொல்லுவே, நான் மறுபடியும் ஓடி வரணும், நான் என்ன கேனச்சியா?"

"அவோரிதான்னா எப்பவாவது வருவாருன்னு அர்த்தம்!"

"எந்த ஊர்ல? அவோரிதான்னா இப்ப! வாசல்ல நிக்கிறான்னு அர்த்தம்!"

"அப்போ யா மிஸ்மோன்னா?"

"கை வேலையை முடிச்சுட்டு மெதுவா வர்றேன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாதா உனக்கு?"

எனக்கு அழுகையும் வந்துச்சு, அவளை அறையணும்னும் வந்துச்சு. ஒரே வீட்டுல இத்தனை வருஷம் இருக்கோம். ஒரு சுவருதான் நடுவுல. செகுந்தோ கதவு ஓரமா நின்னு எங்களை மாறி மாறிப் பாத்தாரு. "ஸ்பானிஷ்னு ஒரு பாஷை இருக்காமே, ரெண்டு பேரும் அதுல பேசிப் பாத்திருக்கலாம்ல?"ன்னாரு. சோய்லா பத்திரப் பையாலயே அவரை ஒண்ணு போட்டா.

கடை இப்ப தாசோவோடது. திறந்து வச்ச முதல் வாரமே எங்களைத் தேடி வந்தான். தமாலுக்கு நான், பன்னிக்கறிக்கு சோய்லா. வாரக் கூலி. குளிர் வந்துருச்சு, சோதனைக்காரங்க மறுபடியும் வந்து போனாங்க, பௌஸ்தினோவுக்கு முட்டி வீங்கிக் கிடக்கு. போகாம என்ன பண்ண? வீட்டுக்காரியும் வந்தா. ரெண்டு ரூம் காலியாக் கிடக்காம், கழுகு வீட்டுக்கு இன்னும் கண்ணாடிக் கடன் இருக்காம். ரெண்டு பேரும் வலைத்தொப்பி மாட்டிக்கிட்டு ஒரே மேடைக்குப் பின்னாடி நிக்கிறோம், எங்க நின்னு முதலாளியம்மா ஆகணும்னு சண்டை போட்டோமோ அதே மேடை.

பலகையும் மாட்டியாச்சு. ஈக்வடாரும் இல்ல, மெக்சிகோவும் இல்ல. ஆளுயர எழுத்துல, "ஸ்பானிஷ் சாப்பாடு."

போன வாரம் அந்த டை கட்டின பையன், ரெண்டு தூண் வரைஞ்சவன், சாப்பிட வந்தான். கண்ணாடிக்கு வெளிய நின்னு, "இதுல எது மெக்சிகோ, எது ஈக்வடார்?"னு கேட்டான். தாசோ கல்லாவுலேருந்து கை ஆட்டினான். "எல்லாம் ஒண்ணுதான் சார்."

நானும் சோய்லாவும் ஒரே நேரத்துல ஒரு கெட்ட வார்த்தை சொன்னோம். ரெண்டு ஊர்லயும் அதுக்கு ஒரே அர்த்தம். ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துக்கிட்டோம்.

"எப்பம்மா ரெடியாகும்? வரிசை வாசலைத் தாண்டிப் போகுது!"ன்னு கத்தினான் தாசோ.

"அவோரிதா!"ன்னேன் நான். அவ ஊரு அவோரிதா இல்ல, என் ஊரு அவோரிதா.

"யா மிஸ்மோ!"ன்னா சோய்லா, அவ ஊரு அர்த்தத்துலதான்.

சொல்லிட்டு நான் கையைக் கழுவப் போனேன். அவ நிதானமாக் கத்தியைத் தீட்ட ஆரம்பிச்சா. நிக்கட்டும், இன்னைக்கு நல்லாக் காத்துக் கிடக்கட்டும்னு எனக்கு உள்ளுக்குள்ள அவ்வளவு சந்தோஷம். கையைத் துடைச்சுக்கிட்டே அவன் மூஞ்சி எப்படிச் சிவக்குதுன்னு பாக்க எட்டிப் பாத்தேன். அவன் அமைதியாக் கல்லாவைச் சாத்திக்கிட்டிருந்தான். வரிசையில நின்ன எல்லார்கிட்டயும் காசை முன்னாடியே வாங்கிட்டான்.