இரண்டு பஸ்ஸுக்கு இரண்டு தலைவர்

வாசல் மணி ஒருமுறை அடித்தால் ஐயா மகான். இரண்டுமுறை அடித்தால் ஐயா பாவி. எங்கள் நினைவு இல்லத்தில் வேலை இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, யாருக்கும் ஒரு குறையும் இல்லாமல்.

ஐயா என்று நாங்கள் சொல்வது ஒரு காலத்தில் இந்த நாட்டையே ஆண்டவரை. அவர் குடியிருந்த வீட்டைத்தான் நினைவு இல்லமாக்கியிருக்கிறார்கள். வருகிறவர்களை அறை அறையாகக் கூட்டிப்போய், இது ஐயா படுத்த கட்டில், இது ஐயா எழுதிய மேசை, இது ஐயா கழற்றிப் போட்ட செருப்பு என்று காட்டுவது என் வேலை. செருப்புக்குக் கண்ணாடிப் பெட்டி உண்டு. எனக்கு உட்கார ஒரு ஸ்டூல் கேட்டு வருஷக்கணக்காகிறது, அதற்குத்தான் வழியில்லை.

ஐயா செய்ததிலேயே பெரிய காரியம் ஆற்றின் குறுக்கே கட்டிய அணை. அணைக்குக் கீழே இருந்த ஊர்களுக்கெல்லாம் தண்ணீர் வந்தது, கரண்ட் வந்தது, பள்ளிக்கூடமும் விடுதியும் வந்தன. அணைக்கு மேலே இருந்த ஊர்கள் முழுகிப்போயின. அங்கே இருந்தவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஒரு மேட்டில் குடிவைத்தார்கள். கீழ் ஊர்க்காரர்கள் முன்னால் ஐயாவைப் பற்றி அரை வார்த்தை குறைத்துச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். மேட்டுக்காரர்கள் முன்னால் அரை வார்த்தை கூட்டிச் சொன்னாலும் அதே கதிதான். நான் என்ன செய்ய? எனக்கு இருப்பது ஒரு வாய். அதனால் இரண்டு பேச்சு வைத்துக்கொண்டேன்.

எந்தப் பேச்சு என்று எனக்குத் தெரிவிப்பது வாசல் காவலாளி. ஆள் நடக்கிற தோரணையைப் பார்த்து அவருக்கு மந்திரி என்று பெயர் வைத்திருந்தோம். பஸ் வந்து நின்றதும் மந்திரி டிரைவரிடம் போய், "எங்கேருந்து வர்றீங்க?" என்று பேச்சுக் கொடுப்பார். கீழேயிருந்து என்றால் மணியை ஒருமுறை இழுப்பார். மேட்டிலிருந்து என்றால் இரண்டுமுறை. அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதற்குள் நான் முகத்தை மாற்றிக்கொண்டு நிற்பேன். எங்கள் மேலதிகாரிக்கும் இது தெரியும். "வந்தவங்க முகம் சுளிக்காமப் போகணும்மா. சரித்திரமெல்லாம் புஸ்தகத்துல இருக்கு, அது அங்கேயே இருக்கட்டும்" என்பார்.

என் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் கீழ் ஊர்க்காரி. ஐயா கட்டிய விடுதியில் தங்கிப் படித்தவள். அது இல்லையென்றால் என் அம்மா மாதிரி நானும் அடுத்தவர் வயலில் களை பிடுங்கிக்கொண்டிருப்பேன். என் கணவர் மேட்டுக்காரர், பஸ் டிப்போவில் மெக்கானிக். ஊரைக் காலி செய்தபோது அவர் கைக்குழந்தை. அம்மா மேட்டில் போட்ட முகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டார். குழந்தையை இடுப்பில் தூக்கி வளர்த்து ஆளாக்கியது அவருடைய அக்கா, என் நாத்தனார். அப்போது அக்காவும் பாவாடை கட்டின சிறுமிதான். தனக்கென்று ஒரு கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை.

இப்போது அக்காவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. மேட்டில் தனியாக இருக்கிறார். "எங்க கூடவே வந்துடுக்கா" என்று என் கணவர் கெஞ்சாத நாளில்லை. அக்கா ஒரே பிடியாக நின்றார். "அந்தாளைப் புகழ்ந்து கொண்டுவர்ற சோறு என் தொண்டையில எறங்காது."

நான்தான் சமாதானம் சொன்னேன். "புகழ்றதாவது! உங்க ஊர் முழுகின கதையைத்தான் வர்றவங்களுக்குச் சொல்லிட்டு இருக்கேன்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. மேட்டு பஸ்ஸுக்குச் சொல்கிறேன் இல்லையா? அக்கா என் முகத்தையே பார்த்துவிட்டு, "சரி, மழைக்கு முன்னால வந்துடறேன்" என்றார். என் கணவர் அன்றைக்கே பின்னறைக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான். நானும் அக்காவும் முட்டிக்கொள்ளாமல் அரைமணி நேரம் பேசியதில்லை, ஆனாலும் எனக்கு அவரைப் பிடிக்கும். எனக்குக் காமாலை வந்து கிடந்தபோது மேட்டிலிருந்து இறங்கி வந்து, திட்டிக்கொண்டே என்னைத் தூக்கி நிறுத்தியவர் அவர்.

அந்தச் சனிக்கிழமை மணி ஒருமுறை அடித்தது. நான் மகான் முகத்தோடு நின்றேன். வந்தவர்கள் எல்லாரும் நடுத்தர வயது தாண்டியவர்கள், எனக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. ஐயாவின் கட்டிலைக் காட்டி, "நாட்டுக்காகத் தூக்கத்தைத் தொலைச்சவரு" என்றேன். வழக்கமாக இந்த இடத்தில் நான்கு பேராவது உச்சுக் கொட்டுவார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சரி, பயணக் களைப்பு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தேனைத் தடவினேன். ஒரு அம்மாள் பக்கத்து அம்மாளின் கையைக் கிள்ளுவது தெரிந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கடைசி அறையில் மேசை அகலத்துக்கு அணையின் மாதிரி ஒன்று இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் கீழ் ஊர்களில் குட்டி குட்டி பல்புகள் எரியும். அழுத்தினேன். "மேல இருந்தவங்க மனசார எடம் குடுத்தாங்க. ஐயா மேல அவங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை" என்றேன்.

"மனசாரக் குடுத்தது யாரு? பேரைச் சொல்லு."

குரல் பின்னாலிருந்து வந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. கையில் தடியோடு என் நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். கழிப்பறைக்குப் போய்விட்டுப் பின்னால் வந்திருக்கிறார்.

கதவோரம் மந்திரி வந்து நின்று கையைப் பிசைந்தார். விஷயம் இதுதான்: மேட்டுக்காரர்களின் பஸ் பாதி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. அந்தப் பக்கம் காலியாக வந்த கீழ் ஊர் பஸ் ஒன்று அவர்களை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது. மந்திரி எங்கேருந்து என்று கேட்டார், டிரைவர் தன் ஊரைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் எங்கள் இருவருக்கும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்கத் தோன்றியதே இல்லை.

"அக்கா, பஸ் மாறிப்போச்சு" என்றேன். அதைவிடப் பைத்தியக்காரத்தனமான பதில் உலகத்தில் இருக்காது. "மேட்டு பஸ்ஸுக்கு வேற பேச்சு இருக்கு."

"அப்படியா? இவங்க எல்லாம் எதுக்கு வந்திருக்காங்க தெரியுமா உனக்கு?"

மேட்டு பஸ் எங்கள் வாசலில் நிற்பது பெரும்பாலும் கழிப்பறைக்காகத்தான். அதை எப்படிச் சொல்வது?

"என் தம்பி பொண்டாட்டி அந்தாள் வீட்டுக்குள்ளயே நின்னு நம்ம கதையைச் சொல்றா, எல்லாருக்கும் சொல்றான்னு நான்தான் சொன்னேன். ஒருத்தரும் நம்பல, சிரிச்சாங்க. வந்து உங்க காதால கேளுங்கன்னு கூட்டிட்டு வந்தேன்."

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. அக்கா அழவில்லை, கத்தவுமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கூட வந்தவர்கள் எல்லாரும் அக்காவுக்காகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

"சரி, அந்த வேற பேச்சைச் சொல்லு" என்றார் அக்கா. "வந்ததுக்கு அதையாவது கேட்டுட்டுப் போறோம்."

சொன்னேன். ஐயா ஓட்டுக்காக ஊர்களை மூழ்கடித்ததையும், சொன்ன நிலம் கொடுக்காததையும் சொன்னேன். "அத்தனை பேரை லாரியில ஏத்தினவரு, ஒரு நாளாவது அந்த முகாம் பக்கம் எட்டிப் பாக்கல" என்று முடித்தேன். மேட்டுக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

"எட்டிப் பாத்தாரு" என்றார் அக்கா.

"என்னது?"

"வந்தாரு. அணை மதகை மூடி எங்க ஊருக்குள்ள தண்ணி ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு நாள் வந்தாரு. எங்க கொட்டாய்க்குள்ள குனிஞ்சு வந்து உக்காந்தாரு. அம்மா காய்ச்சல்ல அனத்திட்டுக் கெடந்தா, உன் புருஷனும் காய்ச்சலோட என் மடியில. குடிக்கத் தண்ணி கேட்டாரு, நான்தான் மொண்டு குடுத்தேன். கலங்கின தண்ணி. அதைக் குடிச்சாரு. டாக்டரை அனுப்பறேன்னாரு. அனுப்பவும் செஞ்சாரு. தம்பி பொழச்சான், அம்மா பொழைக்கல."

எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை என் கணவரும் சொன்னதில்லை. அவருக்கே தெரியாது என்று பிறகு தெரிந்தது.

"அப்போ நல்லவர்தானேக்கா" என்றேன். என் கீழ் ஊர் ரத்தம், சும்மா இருக்குமா?

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "வராதவனா இருந்திருந்தா, பாவம், தெரியாம செஞ்சுட்டான்னு எப்பவோ விட்டிருப்பேன். வந்து உக்காந்து, எங்க தண்ணியையும் குடிச்சு, எல்லாத்தையும் கண்ணால பாத்துட்டுப் போய்தான் மதகை மூடச் சொன்னாரு. அதைத்தான் என்னால இன்னிக்கும் செரிச்சுக்க முடியல. நீ அவர் வரவே இல்லேன்னு சொல்லி, அவர் மேல இருக்கற குத்தத்தையே கழுவிவிட்டுட்ட."

பிறகு தடியை ஊன்றி வாசல் பக்கம் திரும்பினார். "எங்களுக்கு எதுக்குச் சொல்ற? எங்களுக்குத் தெரியும். கீழ பஸ்காரங்ககிட்ட சொல்லு. அதை நான் கேக்கற அன்னைக்கு உன் வீட்டுக்கு வர்றேன். இல்லேன்னா மேட்டுலயே கெடந்துட்டுப் போறேன்."

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். மனுஷன் நேரே பின்னறைக்குப் போய், வெள்ளையடித்துக்கொண்டிருந்த மட்டையைத் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைத்தார். ஒரு சுவர் இன்னும் பாக்கி இருந்தது. "அவ சொன்னா சொன்னதுதான்" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, எனக்கும் இறங்கவில்லை.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழேயிருந்து ஒரு பஸ் வருவதாக ஏற்பாடு. என் சொந்த ஊரிலிருந்தே பாதிப் பேர். மேட்டில் பக்கத்து வீட்டுக்கு போன் செய்து, அக்காவிடம் சொல்லச் சொன்னேன். "பாக்கலாம்" என்று பதில் வந்தது. மந்திரியிடம் மணியே அடிக்க வேண்டாம் என்றேன். "வேலைக்கு உலை வெச்சுக்காதம்மா" என்றார் அவர். ஆனால் அடிக்கவில்லை.

அக்கா முன்னதாகவே வந்து மூலையில் மந்திரியின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

கட்டில், மேசை, செருப்பு எல்லாம் ஆயிற்று. அணை மாதிரிக்கு வந்தேன். பல்புகள் எரிந்ததும் எல்லாரும் தங்கள் ஊரைத் தேடித் தொட்டுக் காட்டிக்கொண்டார்கள். நான் நீலமாகப் பூசியிருந்த இடத்தில் கையை வைத்தேன். "இதுக்கு அடியிலயும் ஊர் இருந்துச்சு" என்று ஆரம்பித்தேன். லாரிகளைச் சொன்னேன், கொடுக்காத நிலத்தைச் சொன்னேன், முகாமைச் சொன்னேன். ஐயா கொட்டாய்க்குள் குனிந்து வந்ததைச் சொன்னேன். கலங்கின தண்ணீர், மறுநாள் வந்த டாக்டர், பிழைத்த குழந்தை, பிழைக்காத அம்மா, மூடின மதகு எல்லாம் சொன்னேன்.

பின்வரிசையில் ஒருவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எங்கள் ஊரில் நெல் அரவை மில் வைத்திருப்பவர், எனக்குத் தூரத்துச் சித்தப்பா முறை. "நீ எந்த ஊர்ப் பொண்ணு? அவர் விடுதியில சாப்பிட்டு வளர்ந்தவதானே நீ? இப்ப நல்லவரா கெட்டவரா, ஒண்ணு சொல்லு."

"சாப்பிட்டேன் சித்தப்பா. மூணு வேளையும் சாப்பிட்டேன். அதுக்கு நன்றி சொல்ல வேண்டியது நான், சாகற வரைக்கும் சொல்லுவேன். ஆனா மன்னிக்க வேண்டியது நான் இல்ல. நீங்களும் இல்ல. நம்ம வயல்ல பாயற தண்ணி அவங்க வீட்டு மேல நின்னுட்டுதான் வருது. அது தெரிஞ்சே அவர் செஞ்சாரு. இதுக்கு மேல ஒரே வார்த்தையில சொல்லச் சொன்னா எனக்குத் தெரியாது."

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆபீசரிடம் சொல்லாமல் விடப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லவும் செய்தார்; திங்கட்கிழமை காலையில் வந்து பார்க்கும்படி மேலதிகாரி போனிலேயே உறுமினார். என்ன ஆகுமோ தெரியாது.

பஸ் கிளம்பிப் போனதும் மந்திரி உள்ளே வந்து, "அந்தம்மா பெட்டி வாசல்லயே இருக்கு, எங்க வைக்கட்டும்?" என்று கேட்டார். காலையில் வரும்போதே பெட்டியோடுதான் வந்திருக்கிறார்.

"அக்கா" என்றேன். கண் நிறைந்துவிட்டது.

"ஒரு எடத்துல தப்பு" என்றார் அக்கா, தடியை ஊன்றி எழுந்தபடி. "டாக்டர் மறுநாள் வந்தாருன்னு சொன்ன."

ஆமாம், சொன்னேன். மறுநாள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. என் வாய் தானாகப் போட்டுக்கொண்டது அது.

"மறுநாள் இல்ல, நாலாம் நாள். மறுநாள் வந்திருந்தா அம்மா இருந்திருப்பா."

"இனிமே சரியாச் சொல்றேன்" என்றேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன்.